வளைவுக்குக் கல் வந்த விதம்

உங்கள் அறிக்கையில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தேன். முதல் பேருந்திலேயே இடம் கிடைத்துவிட்டது. அதனால் நீங்கள் வருவதற்கு முன்பே வந்து காவல் நிலைய வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவசரமில்லை. தேநீரைக் குடித்துவிட்டே எழுதிக்கொள்ளுங்கள்.

என் தம்பியின் சாவுக்குக் காரணம் கரைப் பராமரிப்புக் குறைவு என்று அறிக்கையில் இருக்கிறது. அந்தக் கரையைப் பராமரித்தவள் நான். படிப்பு முடிந்த வருடத்திலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன். வேறு எதையும் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. குறைவு என்று எழுதியவர் ஒரு மதிய நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்து, உடைந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான்.

கரையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலம் ஆற்றைவிடத் தாழ்வு. மழைக்காலத்தில் ஆறு நிறைந்தால் கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எங்கள் மாட்டுக் கொட்டகையின் கூரை உயரத்துக்கு நிற்கும். இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். நடுவில் இருப்பது வெறும் மண். எங்கள் முன்னோர்கள் கூடையில் சுமந்து கொட்டிய மண், மேலே புல். விடுமுறைக்கு வரும் உறவினர்கள் அதில் ஏறி நின்று, "சாயங்காலம் நடக்க நல்ல இடமா இருக்கே" என்பார்கள். ஆமாம் என்பேன்.

தண்ணீர் மேலே வழிந்துதான் கரை உடையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி உடைவது அபூர்வம். பெரும்பாலும் தண்ணீர் அடியில்தான் வரும். எலிப் பொந்தோ, மக்கிப்போன வேரோ, ஏதாவது ஒரு வழி கிடைத்தால் போதும். கரையின் அடியில் புகுந்து, இந்தப் பக்கம் புல்லுக்கு நடுவில் சின்ன ஊற்றாகக் கொப்பளிக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அப்போது கவனிக்க வேண்டியது நிறத்தை மட்டும்தான். தெளிவாக வந்தால் பயமில்லை, தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கலாக வந்தால் தண்ணீரோடு கரையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது.

கலங்கல் ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டமாக அடுக்க வேண்டும். ஊற்றை அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் வேறெங்காவது பொத்துக்கொள்ளும். வட்டத்துக்குள் தண்ணீர் ஏறி நின்றால் அதன் பாரமே உள்ளிருந்து வருவதை அமுக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் ஊற்று தெளிந்துவிடும். கஷ்டமான வேலை இல்லை. சீக்கிரம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கரை நீளம். புல் இடுப்பளவு. மழை கொட்டும். ஊற்றைக் கண்டவர் ஆள் கூப்பிட ஓடிவிட்டால் திரும்பி வரும்போது இடம் தெரியாது. அதனால் எங்கள் பண்ணையில் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். ஊற்றைக் கண்டவர் அங்கேயே நிற்க வேண்டும். விசில் ஊதலாம், நகரக் கூடாது. மூட்டை வந்து சேரும்வரை அந்த இடத்துக்கு அவர்தான் அடையாளம். முதலாளி வீட்டு ஆள், வேலையாள் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரு வெள்ளத்தில் அப்பாவே முழங்கால் தண்ணீரில் வாயில் விசிலோடு வெகுநேரம் நின்றார். மூட்டை வந்ததும் விசிலை எடுத்துவிட்டு, "யார்கிட்டயாவது நனையாத சிகரெட் இருக்கா?" என்றுதான் கேட்டார். அந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை. நின்று செத்தவரும் யாருமில்லை. மூட்டை எப்போதும் வந்துவிடும்.

அப்பா என்னைப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அவருக்கு முதுகு போன வருடம். தம்பி அப்போது விடுதியில் தங்கிப் படிக்கிற சிறுவன். "அவன் வளர்ற வரைக்கும் கொஞ்ச நாள் பார்த்துக்கோம்மா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடிந்துவிட்டதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. விதைப்பது, அறுப்பது, கொட்டகைக்குக் கூரை மாற்றுவது, வேலையாட்களின் சண்டையைத் தீர்ப்பது, கரை, எல்லாம் நான்தான். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'மதகு' என்று பெயர். வேண்டியபோது மட்டும்தான் வாயைத் திறப்பேனாம். பெயர் வைத்தவர் எங்கள் மதகுக்காரர். ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. அவருக்கே அந்தப் பெயரை வைக்க உரிமை உண்டு என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கல் விஷயம்.

எங்கள் நிலத்தை ஒட்டி ஆறு ஓர் இடத்தில் திரும்புகிறது. வளைவு என்போம். அங்கே தண்ணீர் கரையை நேராக வந்து முட்டும். மண் மட்டும் போதாது, கல் பதிக்க வேண்டும். அது ஒரு பண்ணையால் ஆகிற காரியமில்லை. அரசாங்கத்தின் கரைத் துறைதான் செய்ய வேண்டும். கரைத் துறைக்கு ஒரு வரிசை இருக்கிறது. பயிர் போன கரை கடைசி. வீடு போன கரை அதற்கு முன்னால். உயிர் போன கரை எல்லாவற்றுக்கும் முதல். வெள்ளம் வடிந்த கையோடு கல் இறங்கிவிடும். நியாயமான வரிசைதான். நான் அதிகாரியாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

எதிர்க்கரையில் முன்பு ஒரு மாடு மேய்ப்பவர் கரை உடைந்து வெள்ளத்தோடு போனார். கோடைக்குள் அங்கே கல் பதித்துவிட்டார்கள். நல்ல வேலை. ஒவ்வொரு கல்லும் பல் வரிசை மாதிரி உட்கார்ந்திருக்கும். அப்பா கடைசிக் காலத்தில் கரைமேல் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவங்க குடுத்து வச்சவங்க" என்பார்.

"ஏங்க, ஒரு ஆளு போய்ல்ல அது கிடைச்சுது?" என்று மதகுக்காரர் ஒருமுறை கேட்டார்.

அப்பா யோசித்தார். "ஒரே ஒரு ஆளுதானேய்யா" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா போன பிறகு தம்பி மனைவியோடு வந்து சேர்ந்தான். அவனுக்கு ஆறுகளை அளந்து வரைபடம் போடுகிற வேலை. நல்ல படிப்பு. வீட்டில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே 'விருந்தாளி' என்று பெயர், விடுமுறைக்கு மட்டும் வருவான் என்பதால். நிலம் அவன் பெயரில் இருந்தது. வீட்டில் இருக்கும் உரிமை எனக்கு. அப்பா அப்படி எழுதியிருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. தம்பியை வளர்த்ததே நான்தான். அவனைப் பெற்றவுடன் அம்மா போய்விட்டாள். அவனுக்குச் சோறு ஊட்டியது, செருப்பு மாட்டிவிட்டது, கரைப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று மிரட்டியது, எல்லாம் நான்.

வந்த முதல் மாதமே சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை எடுத்தான்.

"அக்கா, இந்தக் கரை இனிமே தாங்காது. வீட்டுக்குக் கிட்டக்கப் புதுசா ஒண்ணு போட்டுக்கலாம். தாழ்வயலை ஆத்துக்கே விட்டுடலாம்."

"ஆறு வந்து கேட்டுச்சா?"

"வருஷா வருஷம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு."

"கேக்கிறவங்களுக்கெல்லாம் குடுக்க முடியுமா?"

"அப்படி இல்லக்கா. ஆறும் மனுஷன் மாதிரிதான். தூக்கத்துல புரண்டு படுக்கும். கட்டில் அகலமா இருந்தா யாருக்கும் அடி படாது."

"நம்ம கட்டிலைக் குடுத்துட்டு நாம தரையில படுக்கணுமாக்கும்."

தம்பி மனைவி பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "அண்ணி எங்க தரையில படுப்பாங்க? கரையிலதான் படுப்பாங்க. இந்த வீட்டுல கரைக்குக் கம்பளி போத்திவிட்டுட்டுத்தானே மனுஷங்களுக்குச் சோறு."

எல்லோரும் சிரித்தோம். அவள் வாய்த்துடுக்கு எனக்குப் பிடிக்கும். அவர்கள் வந்த பிறகு வீடு கலகலப்பாக இருந்தது. சாப்பாட்டு நேரம் நீண்டுவிட்டது. நான்தான் முதலில் எழுந்து போவேன்.

தம்பி சொன்னதில் தப்பில்லை. கணக்குப்படி அவன் சொன்னதுதான் சரி. நானும் அறிவியல் படித்தவள், எனக்கு அது புரியாமல் இல்லை. கரைத் துறைக்கும் அந்தத் திட்டம் பிடித்துவிட்டது. புதுக் கரையை அவர்கள் செலவிலேயே போட்டுத் தருவார்கள். பழைய கரையைச் சில இடங்களில் வெட்டிவிட வேண்டும், ஆறு உள்ளே வந்து போக. துறையிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். கரைமேல் நடந்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா ஒரு மண்கரையை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். நன்றி என்றேன். "வெட்டறப்ப மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார். நல்ல மனிதர்.

நான் கோபப்படவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்தது என்று எழுதினால் அதையும் திருத்த வேண்டியிருக்கும். நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கல் பதித்த கரையை எந்தத் துறையும் வெட்டாது. அவ்வளவு செலவு செய்த பிறகு யாருக்கும் மனம் வராது. ஆக, வளைவுக்குக் கல் வந்துவிட்டால் கரை தப்பிவிடும். கல் வர வேண்டுமானால் வரிசையில் முன்னால் போக வேண்டும். முன்னால் போக என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

யார் என்பதுதான் கேள்வி. வேலையாட்கள் குழந்தைகுட்டிக்காரர்கள். தவிர, அவர்கள் வீட்டு இழவில் நமக்கு லாபம் என்றால் அது அசிங்கம். நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மதகுக்காரருக்கு வயதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் அந்த மதகு வேறு யார் கைக்கும் அடங்காது. தம்பி மனைவி இன்னொரு வீட்டுப் பெண், நம்மை நம்பி வந்தவள். அவளுக்கு ஏதாவது ஆனால் அவளைப் பெற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? நம் வீட்டுக் காரியத்துக்கு நம் வீட்டு ஆள் என்பதுதான் முறை. நீங்களே நின்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் நான் போய்விட்டால் கல் பதிக்கிறவர்களை யார் மேற்பார்வை பார்ப்பது? ஒப்பந்தக்காரர்கள் அடியில் சின்னக் கல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். தம்பிக்கு அதில் அக்கறை இருக்காது, அவன் அந்தக் கரையே வேண்டாம் என்றவன். அவனை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. மற்றவர்களைக் கழித்துக்கொண்டே வந்ததில் அவன் மிஞ்சினான்.

கோடையில் நாங்கள் கரை முழுக்க நடந்து பொந்துகளைத் தேடுவோம். ஒவ்வொன்றையும் அடிவரை தோண்டி, ஈரக் களிமண்ணை இட்டு, கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அந்தக் கோடையிலும் செய்தோம். வளைவுக்கு வந்ததும், "இதை நான் பார்த்துக்கறேன், நீங்க கொட்டகை வேலையைப் பாருங்க" என்று ஆட்களை அனுப்பிவிட்டேன். பிறகு தினமும் காலையில் அங்கே போனேன். கரையின் அடியில் எலிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. ஒரு பொந்து கரையின் பாதி அகலத்துக்குப் போனது. மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். குட்டிகள் சத்தம் போட்டன. குச்சியை எடுத்துவிட்டேன்.

இதைத்தான் நீங்கள் பராமரிப்புக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். குறைவு என்றால் மறந்து விட்டது, சோம்பலில் விட்டது. நான் நாள் தவறாமல் போய்ப் பார்த்து, தெரிந்தே விட்டுவைத்தேன். இரண்டும் ஒன்றில்லை. கரையின் மற்ற பகுதிகளில் ஒரு பொந்துகூடக் கிடையாது. சந்தேகமிருந்தால் ஆள் அனுப்பிப் பாருங்கள், புல்லுக்குக் கீழே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் எல்லோரும் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டார்கள். கடையில் நின்றால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். இத்தனை காலம் உழைத்ததற்கு அது நியாயமான பேர் இல்லை. காரணம் என்ற இடத்தில் கொலை என்று எழுத வேண்டும். நான் கேட்கும் திருத்தம் அதுதான்.

மிச்சத்தையும் சொல்கிறேன். அரைகுறையாகப் போனால் நாளைக்கு உங்களுக்குத்தான் தலைவலி.

மழைக்காலம் தொடங்கும்போது கரையைப் பங்கு பிரிப்போம். யார் யார் எந்தப் பகுதியில் காவல் என்று. வளைவு எப்போதும் பண்ணைக்குப் பொறுப்பானவருடையது. முன்பு அப்பா, பிறகு நான். அன்று கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வளைவைத் தம்பிக்குக் கொடுத்தேன்.

"வளைவை எனக்கா தர்றே?" என்றான்.

"நிலம் உன்னோடது. நீதானே பார்க்கணும்."

"அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்னு சொல்லுவியேக்கா."

"இப்பதான் வளந்துட்டியே."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளியில் பரிசு வாங்கினவன் மாதிரி இருந்தான். என்னிடமிருந்து புது விசிலை வாங்கிச் சட்டையில் துடைத்தான். "ரொம்பப் பூரிச்சுப் போகாதீங்க, நனைஞ்சிட்டு வந்து ராத்திரி முழுக்கத் தும்மப்போறது யாரு?" என்று அவன் மனைவி சொன்னாள். மதகுக்காரர் அவன் தோளில் தட்டி, "சின்னவரே, நின்னா நின்னதுதான். கொசு கடிச்சாலும் அசையக்கூடாது, ஆமா" என்றார். "கொசு என்ன, முதலை கடிச்சாலும் அசைய மாட்டேன்" என்றான். எங்கள் ஆற்றில் முதலை கிடையாது.

பெரிய வெள்ளம் சீக்கிரமே வந்தது. அன்று விடியும்போதே ஆறு கரையின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதுதான் மோசமான அறிகுறி. வேலையாட்களின் குடும்பங்களை மேட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாடுகளையும் ஓட்டிவரச் செய்தேன். தம்பி மனைவி கூடத்தில் குழந்தைகளுக்குப் பாய் விரித்தாள். அந்த விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

மதியத்துக்கு மேல் முதல் விசில் கரையின் நடுப்பகுதியிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். வேலைக்காரப் பெண் ஒருத்தி ஊற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தெளிவான தண்ணீர். அடியில் புல்லின் நுனிகூடத் தெரிந்தது. மதகுக்காரரும் ஆட்களும் மூட்டைகளோடு அங்கே வரும்போதே வளைவிலிருந்து இரண்டாவது விசில் கேட்டது. "நான் பார்த்துட்டு வர்றேன், இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

தம்பி கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தான். அவன் காலடியில் ஊற்று கொப்பளித்தது. சுற்றிலும் மண் எறும்புப் புற்று மாதிரி குவிந்திருந்தது. தண்ணீர், இதோ இந்தத் தேநீரின் நிறம். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தெளிவாகத்தான் இருக்கிறது, மேலே ஓடுகிற மழைத் தண்ணீர்தான் கலக்குகிறது என்றேன். "நில்லு. மூட்டை அனுப்பறேன்" என்றேன். "சரிக்கா" என்றான். ஆறுகளை அளந்து பிழைத்தவன், அவனுக்கு நிறம் தெரியாதா என்று நினைப்பீர்கள். தெரியும். நான் பார்த்துச் சொன்ன பிறகு அவன் தன் கண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து நடுப்பகுதியிலேயே மூட்டைகளை இறக்கச் சொன்னேன்.

மதகுக்காரர் குனிந்து பார்த்தார். "அம்மா, இது கண்ணாடி மாதிரி ஓடுதே. இதுக்கு எதுக்கு மூட்டை?"

"அடுக்குங்க."

"வளைவுல விசில் விடாம கேக்குது."

"பார்த்துட்டுத்தானே வர்றேன். அங்க தெளிவா இருக்கு."

"தெளிவா இருந்தா சின்னவர் ஏன் இந்த ஊது ஊதுறார்?"

"விசில் புதுசு. ஊதிப் பார்க்கிறான்."

ஆட்கள் சிரித்தார்கள். மதகுக்காரர் சிரிக்கவில்லை. ஆனாலும் அடுக்கினார். நான் சொல்லி அவர் செய்யாமல் இருந்ததில்லை. வரிசை பிசகாமல், ஒரு மூட்டைமேல் ஒன்று மாற்றி மாற்றி, அவ்வளவு நேர்த்தியான வட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உள்ளே தண்ணீர் மெதுவாக ஏறியது. குடிக்கலாம் போல இருந்தது.

பிறகு விசில் நின்றது. கரை உடைகிற சத்தம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்காது. லாரியில் மண் கொட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீரின் சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். தாழ்வயல் போனது. ஆற்றில் மட்டம் இறங்கியதால் மற்ற கரை முழுவதும் தப்பியது. மேட்டுக்கு ஓட அவனுக்கு நேரம் இருந்திருக்கும். கரை முதலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் விழும். அவன் ஓடவில்லை. நில்லு என்றால் நிற்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வெள்ளம் வடிந்த பிறகு தாழ்வயல் வேலியில் அவனைக் கண்டெடுத்தார்கள். அடையாளம் காட்டியது நான். அது உங்களிடம் இருக்கும்.

கரைத் துறை சொன்ன சொல் தவறவில்லை. அந்த அதிகாரியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வரிசையில் எங்களை முதலில் போட்டுவிட்டார்கள். போன வாரத்திலிருந்து கல் வந்து இறங்குகிறது. நல்ல கல், ஒரே அளவு. நான் பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன். மதகுக்காரர் என்னோடு பேசுவதில்லை. மதகின் திருகாணிகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், காலையில் போட்டதற்கு மதியம் மறுபடியும்.

தம்பி மனைவி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "அண்ணி, மூட்டை ஏன் போய்ச் சேரல?"

"ரெண்டு இடத்துல ஊத்தும்மா. ஒரு இடத்துக்குத்தான் ஆள் இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள். "உங்களை மாதிரி யாராலயும் தாங்கிக்க முடியாது அண்ணி. சாப்பிட்டீங்களா?" என்றாள். இப்போதெல்லாம் அவள்தான் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். கேலி பேசுவதில்லை. வீடு பழையபடி அமைதியாகிவிட்டது.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

வளைவில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்றேனே, என்ன பேசினோம் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். மறைப்பதற்காக இல்லை. கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் போனபோது அவன் ஊற்றைக் காட்டினான். குனிந்து பார்த்தேன். கலங்கல்தான், ஆனால் உடனே அடுக்கினால் நின்றுவிடும் அளவுதான். என்னை அறியாமல் நிமிர்ந்து, மூட்டை கொண்டுவரச் சொல்லிக் கத்த வாயெடுத்தேன். பழக்கதோஷம். அதற்குள் அவன் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். காலையிலேயே கரைத் துறைக்குப் போன் பண்ணிட்டேன். புதுக் கரை வேணாம்னு சொல்லிட்டேன்."

மழை பலமாகப் பெய்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இங்க வந்து நின்னாத்தான் தெரியுது, நீ ஏன் இதைக் கட்டிக்கிட்டு அழறேன்னு. வளைவுக்குக் கல் கேட்டிருக்கேன். அங்க மேல இருக்கிறவர் எனக்குத் தெரிஞ்சவர்தான். அடுத்த கோடையில போட்டுத் தர்றேன்னுட்டார்."

அவன் சந்தோஷமாக இருந்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணை மூட மூடச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கரை உனக்குத்தான்க்கா. வச்சுக்கோ" என்றான்.

வச்சுக்கோ என்றான். இத்தனை வருடம் என் கையில் இருந்ததை எடுத்து எனக்குக் கொடுத்தான், பொம்மையைக் கொடுப்பது மாதிரி. கொடுத்துவிட்டு, "தண்ணி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான்.

தெளிவாக இருக்கிறது என்று நான் சொன்னது அதற்குப் பிறகுதான்.